கூமுட்டை என்று எறிவதற்கு முன்

(பாவூர்சத்திரத்தில் ஆசிரியர்களும் மாணவர்களும் இயற்கை ஆர்வலர்களும் கூடிய அறிவியல் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அழைப்பிதழில் 'ஊர்வன முட்டைகள் ஏன் பொரிக்காமல் போகின்றன' என்று தலைப்பைப் பார்த்துவிட்டு ஒரு நண்பர் கேட்டார்: "பொரிச்ச கதையைச் சொன்னாலாவது கேட்கலாம், பொரிக்காத கதையை எதுக்குய்யா சொல்லுதீக?" நியாயமான கேள்விதான். ஆனால் பொரித்த முட்டையிடமிருந்து நமக்குக் கிடைப்பது ஒரே ஒரு செய்தி: எல்லாம் சரியாக நடந்தது. எது சரியாக இருந்தது, எது தற்செயலாகத் தப்பியது என்று அது சொல்லாது. பொரிக்காத முட்டைக்குள் இருக்கும் கரு, எந்தக் கட்டத்தில் நின்றுபோனது என்பதைத் தன் உடம்பிலேயே பதிந்து வைத்திருக்கிறது. அந்தக் கட்டம் தெரிந்தால் காரணம் பாதி தெரிந்த மாதிரி. இதுதான் இன்றைக்கு நான் சொல்ல வந்த செய்தி. மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

தொடங்குமுன் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்பதற்குத் தரும் விளக்கத்தில், காட்டுப் பறவை, ஊர்வன ஆகியவற்றின் முட்டைகளைச் சேதப்படுத்துவதும், முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் அடக்கம். ஆகவே வீட்டில் பாம்பு முட்டை வைத்துப் பொரிக்கப் பார்ப்பதற்கான பயிற்சி வகுப்பு என்று யாரும் இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். வனத்துறையோடு சேர்ந்து கடலாமைப் பொரிப்பகங்களில் வேலை செய்பவர்களுக்கும், உயிரியல் பூங்காக்களுக்கும், அடுத்து விலங்கியல் படிக்கப் போகிற பிள்ளைகளுக்கும் இது பயன்படும். வயலிலோ வைக்கோல் படப்பிலோ எதிர்பாராமல் முட்டைக் குவியலைப் பார்த்துத் திகைத்து நிற்கிற நமக்கும்கூட.

நம் கையில் இருக்கிற அனுபவம் கோழி முட்டை அனுபவம். கோழியை அவயத்துக்கு வைத்தால் அது முட்டையை ஒரு நாளைக்குப் பல தடவை புரட்டிப் போடுகிறது. அதைப் பார்த்துத்தான் கோழிப்பண்ணை இன்குபேட்டரிலும் முட்டையைத் திருப்பிவிட ஏற்பாடு வைத்தார்கள். கோழி முட்டைக்குள் மஞ்சள் கருவை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் முறுக்கிய வெள்ளைக் கயிறு போன்ற சவ்வு உண்டு. முட்டையை எப்படிப் புரட்டினாலும் மஞ்சள் கரு சுழன்று, கரு மேலே வந்துவிடும்.

ஊர்வன முட்டையில் அந்தக் கயிறு கிடையாது. ஆமை, முதலை முட்டைகளில், இட்ட சில மணி நேரத்திற்குள் கரு மஞ்சள் கருவின் உச்சிக்கு மிதந்து வந்து, ஏறத்தாழ ஒரு நாளுக்குள் ஓட்டின் உட்சவ்வில் ஒட்டிக்கொள்கிறது. அதன்பிறகு முட்டையைப் புரட்டினால் அந்த மெல்லிய சவ்வு கிழியும், அல்லது மஞ்சள் கருவின் பாரம் கருவின்மேல் ஏறும். அந்த ஒரு புரட்டலே கருவைக் கொல்லப் போதும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் காலின் லிம்பஸும் அவருடைய சகாக்களும் பெருந்தலை ஆமையின் முட்டைகளை வெவ்வேறு நேரங்களில் இடம் மாற்றிப் பார்த்து 1979இல் முடிவுகளை வெளியிட்டார்கள். இட்ட உடனே எடுத்த முட்டைகள் தாங்கின. சில மணி நேரம் தாமதித்து எடுத்தவை அதிகம் மடிந்தன. கடலாமை முட்டைகளை இரண்டு மணி நேரத்துக்குள் பொரிப்பகக் குழிக்குக் கொண்டு சேர்த்துவிட வேண்டும் என்று பொரிப்பக வழிகாட்டிகள் வற்புறுத்துவதன் பின்னணி இதுதான். முதலைக் கூட்டிலிருந்து முட்டை எடுப்பவர்கள் கையை வைக்கும் முன்பே ஒவ்வொரு முட்டையின் உச்சியிலும் பென்சிலால் ஒரு குறி போடுவார்கள். எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அதே பக்கம் மேலே இருக்கும்படி கடைசிவரை பார்த்துக்கொள்வார்கள்.

தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு நீண்ட பழக்கம் உண்டு. 1970களின் தொடக்கத்தில் சென்னைப் பாம்புப் பண்ணையைச் சேர்ந்த ரோமுலஸ் விட்டேக்கரும் நண்பர்களும் இரவில் கடற்கரையில் நடந்து பங்குனி ஆமைகளின் முட்டைகளைத் தேடி எடுத்துப் பாதுகாக்கத் தொடங்கினார்கள். 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழு அந்த நடையைத் தொடர்கிறது. வனத்துறை பல கடலோர மாவட்டங்களில் பொரிப்பகம் நடத்துகிறது. முதலைகளுக்கோ 1975இல் ஐ.நா. அமைப்புகளின் உதவியோடு இந்திய அரசு தொடங்கிய முதலைத் திட்டம் இருந்தது. 1976இல் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் முதலைப் பண்ணை வந்தது. அமராவதி, சாத்தனூர், ஒகேனக்கல் ஆகிய இடங்களில் வனத்துறையின் வளர்ப்பு மையங்கள் வந்தன. இத்தனை இடங்களிலும் பொரித்த குஞ்சுகளின் கணக்கு கவனமாக எழுதப்படுகிறது. பொரிக்காத முட்டைகளோ பெரும்பாலும் 'கூமுட்டை' என்ற ஒரே தலைப்பின் கீழ் போய்விடுகின்றன. நான் குறை காண்பது அந்த ஒரு தலைப்பில்தான்.

அதை ஐந்து தலைப்பாகப் பிரிக்க வேண்டும். பொரிப்புக் காலம் முடிந்ததும், அனுமதி பெற்றவர்கள், கையுறையும் முகக்கவசமும் அணிந்து, திறந்த வெளியில், மிஞ்சிய முட்டைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும். நாற்றம் குடலைப் பிடுங்கும். அழுகிய முட்டையில் நோய்க்கிருமிகளும் இருக்கும். ஆனாலும் பார்க்க வேண்டும்.

முதல் வகை: வெள்ளையும் மஞ்சளும் மட்டும் இருக்கிறது, கருவின் அடையாளமே இல்லை. இதைப் பார்த்ததும் 'சேர்க்கை நடக்காத முட்டை' என்று முடிவு கட்டுவது வழக்கம். அந்த முடிவு அவசரமானது. கரு ஓரிரு நாளிலேயே இறந்திருந்தால், இரண்டு மாதம் வெயிலில் அழுகிய பிறகு அதன் தடயம் வெறும் கண்ணுக்குத் தெரியாது. புனே ஃபிளேம் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஆண்ட்ரியா ஃபிலாட், மேத்யூ காட்ஃப்ரே என்ற ஆய்வாளரோடு சேர்ந்து, கடலாமை முட்டைகளை மலடு என்று சொல்வதற்கு இருக்கும் சான்றுகளை 2020இல் வரிசையாக ஆராய்ந்தார். அந்தச் சொல் உரிய சோதனை இல்லாமலேயே கையாளப்படுகிறது என்பது அவர்கள் கண்டது. மஞ்சள் கருவின் மேல்சவ்வை நுண்ணோக்கியில் வைத்து, அதில் விந்தணு சிக்கியிருக்கிறதா, செல் பிரிந்திருக்கிறதா என்று பார்த்தால்தான் உண்மை தெரியும். இந்த வேறுபாட்டால் என்ன ஆகப் போகிறது என்று கேட்கலாம். மலடு என்று எழுதினால் பழி தாயின் மேலோ தகப்பன் மேலோ போய்விடுகிறது. முட்டையைத் தூக்கிவந்த நம்மை யாரும் கேட்க மாட்டார்கள். ஓரிரு நாளில் இறந்த கரு என்று எழுதினால், எடுத்த நேரம், சுமந்த விதம், வைத்த இடம் எல்லாம் கேள்விக்கு வரும்.

நுண்ணோக்கி இல்லாத இடத்திலும் ஒன்று செய்யலாம். ஆமை முட்டையின் உச்சியில், கரு ஒட்டிய இடத்தில், ஓரிரு நாளில் ஒரு வெண்புள்ளி தோன்றிப் படரும். முதலை முட்டையில் அது நடுவில் ஒரு வெண்பட்டையாக வளர்ந்து சுற்றி வரும். மேலே இருக்கும் முட்டைகளில் சிலவற்றைத் தொடாமல், அசைக்காமல் பார்த்து, வெண்மை தோன்றியதா என்று குறித்து வைத்தால் போதும். தோன்றியிருந்தால், பின்னால் திறக்கும்போது உள்ளே எதுவுமே தெரியாவிட்டாலும், அங்கே கரு இருந்தது என்று உறுதியாகச் சொல்லலாம்.

இரண்டாம் வகை: தொடக்கத்தில் இறந்தது. ஒரு சிறு வெள்ளைத் தட்டு, அல்லது இரத்த வளையம் தெரியும். கண் இன்னும் கருக்கவில்லை. இதில் முதல் சந்தேகம் கை மேல்தான். தாமதமாக எடுத்தது, புரட்டியது, மணலில் மோட்டார் சைக்கிள் குலுங்கக் குலுங்கக் கொண்டுவந்தது, வண்டியை வெயிலில் நிறுத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போனது என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும்.

மூன்றாம் வகை: நடுவில் இறந்தது. கண் கருத்திருக்கும், உடல் வடிவம் வந்திருக்கும், நிறம் ஏறியிருக்காது. பொதுவாக இறப்புகள் தொடக்கத்திலும் முடிவிலும்தான் குவியும், நடுவில் குறைவு. அதனால் நடுவில் ஒரு கும்பல் இறந்து கிடந்தால், அந்த நாள்களில் ஏதோ ஒரு சம்பவம் நடந்திருக்கிறது என்று பொருள். கடல் ஏறி வந்து குழியை நனைத்ததா, இன்குபேட்டரின் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு வெப்பம் ஏறியதா? அப்படி எதுவும் இல்லையென்றால் தாயின் தீவனத்தைப் பார்க்க வேண்டும். வைட்டமின் குறைவான தாயின் முட்டையில் கரு பாதி தூரம் வந்து நின்றுவிடுவது கோழி வளர்ப்பில் நன்றாகத் தெரிந்த விஷயம். கூண்டில் வளரும் ஊர்வனவற்றிலும் அந்தச் சந்தேகம் நியாயமானது.

நான்காம் வகை: முழு வளர்ச்சி அடைந்து, நிறமும் ஏறி, உள்ளேயே இறந்தது. இந்தக் கட்டத்தில்தான் கருவுக்கு மூச்சுக்காற்று மிகவும் தேவை, அது வெளியிடும் வெப்பமும் மிகுதி. காற்றோட்டம், ஈரம், கடைசி வார வெப்பம் ஆகிய மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும்.

ஐந்தாம் வகை: ஓட்டைக் கீறி, மூக்கை நீட்டி, அப்படியே இறந்தது. ஓடும் சவ்வும் காய்ந்து இறுகியதா, மேலே மணல் கெட்டித்துப் போனதா, எறும்பு ஏறியதா, அல்லது யாராவது பொறுமை இழந்து இழுத்தார்களா? கீறிய பிறகு குஞ்சு ஒரு நாளோ இரண்டு நாளோ தலையை மட்டும் நீட்டிக் கிடப்பது இயல்பு. அந்த நேரத்தில் மிச்ச மஞ்சள் கரு வயிற்றுக்குள் இழுக்கப்படுகிறது. உதவி செய்கிறேன் என்று வெளியே இழுத்தால் குருதிக்குழாய் அறுந்துவிடும். முதலைக்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு. முட்டைக்குள்ளிருந்தே குஞ்சுகள் குரல் கொடுக்கும். தாய் வந்து கூட்டைத் தோண்டி, பொரியாத முட்டையை வாயில் வைத்து மெல்ல அழுத்தி உடைத்தும் விடும். வடநெம்மேலியில் ஆண் சதுப்பு முதலையும் இந்த வேலையில் ஈடுபட்டதைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஆகவே இன்குபேட்டரில் குரல் கொடுத்தும் வெளிவர முடியாத முதலைக் குஞ்சுக்குக் கை கொடுப்பது தாயின் வேலையைச் செய்வதுதான்.

ஒரு எச்சரிக்கை. கட்டத்தைக் கண்டுபிடித்ததும் அதை நேரடியாக நாளாக மாற்றிவிடாதீர்கள். ஊர்வன கருவின் வேகம் வெப்பத்தைப் பொறுத்தது. பங்குனி ஆமை முட்டை சூடான மணலில் 45 நாளில் பொரிக்கும். குளிர்ந்த மணலில் 60 நாள் வரை இழுக்கும். ஆகையால் 'மொத்த வளர்ச்சியில் மூன்றில் ஒரு பங்கு' என்பதுபோலக் கணக்கிட்டு, அதன்பிறகு வெப்பக் குறிப்பேட்டோடு ஒப்பிட்டு நாளைக் கண்டுபிடிக்க வேண்டும்.

அடுத்து, எங்கே, எத்தனை என்ற கேள்வி. நம் காய்கறிச் சந்தையில் தக்காளிப் பெட்டியைத் திறக்கிற வியாபாரியைப் பாருங்கள். அடித்தட்டு மட்டும் நசுங்கியிருந்தால் அடுக்கியவரைக் கேட்பார். ஒரே தோட்டத்துப் பெட்டிகள் மட்டும் கெட்டிருந்தால் தோட்டக்காரரைக் கேட்பார். லாரியில் வந்த எல்லாத் தோட்டத்துப் பெட்டிகளும் கெட்டிருந்தால் ஓட்டுநரைக் கேட்பார். முட்டைக்கும் இதே விசாரணைதான். பல தாய்களின் முட்டைகள் ஒரே கட்டத்தில் இறந்திருந்தால் குற்றம் இன்குபேட்டரிலோ பொரிப்பகத்திலோ இருக்கிறது. ஒரு தாயின் முட்டைகள் மட்டும், வேறு வேறு இடத்தில் வைத்தும் போய்விட்டன என்றால் தாயையோ சேர்க்கையையோ பார்க்க வேண்டும். ஒரே மூலையில் இருந்தவை மட்டும் போனால் அந்த மூலையில் வெப்பமானியை வைக்க வேண்டும். ஒரே இரவில், ஒரே குழுவினர் எடுத்துவந்தவை மட்டும் போனால், அன்றைக்கு வழியில் என்ன நடந்தது என்று கேட்க வேண்டும். இதற்கு, எந்த முட்டை எந்தக் குழியில், எந்தத் தாயிடமிருந்து, எத்தனை மணிக்கு வந்தது என்ற குறிப்பு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இந்த விசாரணையையே தொடங்க முடியாது.

இனி வெப்பம். பெரும்பாலான தவறுகள் வெப்பத்தில் இல்லை, வெப்பத்தை அளப்பதில் இருக்கின்றன. தெர்மோகோல் பெட்டி, ஒரு பல்பு, ஒரு தெர்மோஸ்டாட் என்று அமைத்துவிட்டு, வெப்பமானியின் முனையைக் காற்றில் தொங்கவிடுகிறோம். அது 30 டிகிரி காட்டுகிறது. பல்புக்குக் கீழே இருக்கிற முட்டைக்கு எத்தனை டிகிரி? அடித்தட்டில் இருப்பதற்கு எத்தனை? முனை முட்டையோடு முட்டையாக இருக்க வேண்டும்; மேல் தட்டிலும் கீழ்த் தட்டிலும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். வெப்பமானியே சரிதானா என்பதற்கு எளிய சோதனை: நொறுக்கிய பனிக்கட்டியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கி அதில் முனையை வையுங்கள். 0 டிகிரி காட்ட வேண்டும். 2 காட்டினால், நீங்கள் 30 என்று நம்பிக்கொண்டிருப்பது உண்மையில் 28 ஆகத்தான் இருக்கும்.

மணற்குழியில் இன்னொரு சிக்கல். பங்குனி ஆமை ஏறத்தாழ ஒன்றரை அடி ஆழத்தில் நூறு, நூற்றிருபது முட்டை இடுகிறது. கடைசி வாரங்களில் அத்தனை கருவும் சேர்ந்து வெப்பம் விடுவதால், குழியின் நடுவில் பக்கத்து மணலைவிடச் சில டிகிரி கூடுதலாக இருக்கும். பொரிப்பகத்து மணலில் 32 என்று நிம்மதியாக இருக்கும்போது குழியின் நடுவில் 34ஐத் தாண்டியிருக்கலாம். கருவுக்கு 33க்கு மேல் ஆபத்து தொடங்குகிறது. நீண்ட நேரம் 35 இருந்தால் தப்புவது அரிது. மார்ச் கடைசியில் இட்ட முட்டைகள் கத்திரி வெயில் வரை மண்ணில் கிடக்கின்றன. பருவத்தின் முதல் குழிகள் நன்றாகப் பொரித்து, கடைசிக் குழிகளில் முழு வளர்ச்சி பெற்ற குஞ்சுகள் இறந்து கிடந்தால், தென்னங்கீற்றுப் பந்தலோ நிழல்வலையோ போட வேண்டிய நேரம் கடந்துவிட்டது என்று பொருள்.

விலங்குகள் இந்தக் கணக்கைத் தாமே போடுகின்றன. இதோ நமக்கு மேற்கே தெரிகிற குற்றால மலைத்தொடரில் ராஜநாகம் இருக்கிறது. 2024இல் விஞ்ஞானிகள் ராஜநாகத்தை நான்கு இனங்களாகப் பிரித்தபோது, மேற்குத் தொடர்ச்சி மலையில் இருப்பதற்கு 'காளிங்கா' என்று பெயர் வைத்தார்கள். பாம்புகளில் இலைகளைக் குவித்துக் கூடு கட்டி முட்டையிடுவது ராஜநாகம்தான். கோடையில் கட்டுகிறது, குஞ்சுகள் தென்மேற்குப் பருவமழையில் வருகின்றன. நமக்குச் சாரல் கொட்டும் அதே நாள்களில், அடுக்கடுக்காகப் படிந்த இலைக்கூட்டின் உள்ளே தண்ணீர் இறங்காமல், வெப்பமும் அதிகம் ஏறி இறங்காமல் முட்டைகள் கிடக்கின்றன. மலைப்பாம்பு இன்னும் ஒரு படி மேலே. முட்டையைச் சுற்றிச் சுருண்டு, தசையை விட்டுவிட்டுத் துடிக்கவைத்து வெப்பம் உண்டாக்கும். 1841இல் பாரிஸ் விலங்குக் காட்சியகத்தில் வலென்சியென் என்பவர் இதை அளந்து சொன்னார். 1966இல் நியூயார்க் பிராங்க்ஸ் விலங்குக் காட்சியகத்தில் நடந்த ஆய்வு, சுற்றுப்புறம் குளிரக் குளிரத் துடிப்பு கூடுகிறது என்று உறுதி செய்தது. இப்படிப்பட்ட தாயின் முட்டையை இரவில் வெப்பம் இறங்குகிற பெட்டியில் வைத்தால், முதுகெலும்பு கோணிய குஞ்சோ, பொரிக்கவே பொரிக்காத முட்டையோதான் கிடைக்கும்.

ஈரமும் காற்றும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்பவை. முதலை, நட்சத்திர ஆமை முட்டைகளுக்குச் சுண்ணாம்பு ஓடு; பாம்பு முட்டைக்குத் தோல் போன்ற ஓடு; கடலாமை முட்டைக்கு அமுக்கினால் குழிகிற ஓடு. தோல் ஓட்டு முட்டை சுற்றியிருக்கும் மண்ணிலிருந்து தண்ணீரை உறிஞ்சிப் பெருக்கும். அது தொடக்கத்திலேயே குழி விழுந்து சுருங்கினால் மண் காய்ந்திருக்கிறது. பொரிக்கும் தறுவாயில் குழி விழுந்தால் அது இயல்பு. சுருங்குகிறதே என்று பயந்து தண்ணீரை ஊற்றுகிறவர்களால்தான் அதிக முட்டைகள் போகின்றன. ஓட்டின் நுண்துளைகளின் மேல் தண்ணீர்ப் படலம் நின்றால் காற்று உள்ளே போகாது. கரு நனைந்த மண்ணில் மூச்சுத் திணறி இறக்கிறது. கையில் பிடித்து அமுக்கினால் உருண்டை சேர வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது, அதுதான் அளவு. தண்ணீர் சேர்க்க வேண்டியிருந்தால் முட்டையின் மேல் தெளிக்காமல் ஓரத்தில் விட வேண்டும்.

தண்ணீர் எவ்வளவு பெரிய அழிவைச் செய்யும் என்பதற்கு உலகின் மிகப் பெரிய பேராமைக் குடியிருப்பே சாட்சி. ஆஸ்திரேலியாவின் ரெயின் தீவில் ஆயிரக்கணக்கான பேராமைகள் கரையேறி முட்டையிட்டும் பொரிப்பு மிகக் குறைவாக இருந்தது. அலைநீர் கூடுகளை அடியிலிருந்து நனைத்தது முக்கியக் காரணங்களில் ஒன்று என்று கண்டு, கடற்கரையின் மணல்மட்டத்தையே இயந்திரம் வைத்து உயர்த்தினார்கள். முட்டை மேல் பழி போட்டிருந்தால் அந்த வேலை நடந்திருக்காது.

பூஞ்சைக் காளானைப் பார்த்ததும் எல்லோரும் அதையே கொலையாளி என்று பிடிக்கிறோம். பல சமயம் அது செத்த முட்டையின் மேல் வந்து உட்கார்ந்த விருந்தாளி. இறந்ததை அகற்றினால் பக்கத்து முட்டை தப்பும். ஆனால் உண்மையிலேயே கொல்கிற பூஞ்சையும் உண்டு. கேப் வெர்டேயின் போவா விஸ்டா தீவில் பெருந்தலை ஆமைக் கூடுகளில் நடந்த பெரும் இறப்புக்கு ஃபியூசேரியம் என்ற பூஞ்சையே காரணம் என்று 2010இல் நிறுவினார்கள். ஆண்டாண்டாக ஒரே வேலிக்குள், அதே மணலில், பொரிக்காத முட்டைகளின் எச்சத்துக்கு மேலேயே புதிய குழி தோண்டும் பொரிப்பகங்கள் இதைக் கவனிக்க வேண்டும். மணலை மாற்றுங்கள், அல்லது இடத்தை மாற்றுங்கள்.

இதுவரை பொரிக்காததைச் சொன்னேன். எல்லா முட்டையும் பொரித்து, அதுவும் தோல்வியாக முடிவது உண்டு. 1966இல் செனகல் நாட்டின் டக்காரில் மாட்லென் சார்னியே என்ற பெண் விஞ்ஞானி, ஓணான் வகை ஒன்றில் முட்டையின் வெப்பம் குஞ்சின் பாலை மாற்றுகிறது என்று முதன்முதலில் சுட்டிக்காட்டினார். நம் சதுப்பு முதலையில் இதை அளந்தது வடநெம்மேலியில். ஜெஃப்ரி லாங், ஹாரி ஆண்ட்ரூஸ், ரோமுலஸ் விட்டேக்கர் மூவரும் 1989இல் எழுதினார்கள்: 28 முதல் 31 டிகிரி வரை நிலையாக வைத்தால் எல்லாம் பெண், 32.5இல் எல்லாம் ஆண்; அதற்குக் கொஞ்சம் கீழும் மேலும் இரண்டும் கலந்து வருகின்றன. 30 டிகிரியில் இன்குபேட்டரை நிறுத்தி, வைத்ததெல்லாம் பொரித்தது என்று மாலை போட்டுக்கொள்ளும் மையம், ஓர் ஆண் முதலைகூட இல்லாத தலைமுறையை உருவாக்கியிருக்கும்.

ஆமையில் கணக்கு வேறு. ஏறத்தாழ 29, 30 டிகிரிக்கு மேல் போகப் போகப் பெண் கூடும். 2018இல் வெளியான ஓர் ஆய்வு, ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டின் வடபகுதியில் பிறந்த இளம் பேராமைகளில் 99 விழுக்காட்டுக்கு மேல் பெண் என்று காட்டியது. ஆகவே பொரிப்பகத்தில் நிழல் என்பது உயிர் காப்பதற்கு மட்டுமான ஏற்பாடு என்று நினைக்கக் கூடாது. முழுப் பருவமும் ஒரே நிழல், ஒரே ஆழம் என்று வைத்தால் ஒரே பாலாகப் போகலாம். இயற்கைக் கடற்கரையில் முன்பருவம், பின்பருவம், மேட்டு மணல், தாழ்ந்த மணல் என்று வெப்பம் பலவிதமாக இருக்கிறது. அந்தப் பலவிதத்தை நாம் ஒன்றாக்கிவிடக் கூடாது.

செத்துவிட்டது என்று எண்ணி உயிருள்ள முட்டையை எறிவதும் நடக்கிறது. பச்சோந்தி இனங்கள் பலவற்றின் கரு, முட்டைக்குள் வளராமல் வாரக்கணக்கில் உறங்கும். நம் குளங்களில் இருக்கிற பாலாமையின் முட்டையிலும் இப்படி ஒரு உறக்கம் உண்டு. பொரிக்கப் பல மாதம் ஆகும். உடும்பு முட்டைக்கும் அரை ஆண்டுக்கு மேல் ஆகலாம். கோழிக்கு 21 நாள் என்ற கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு இவற்றை அளந்தால், பொறுமை இல்லாமல் நாமே அவற்றைக் கொன்றவர்களாவோம். நாற்றம் இல்லை, நிறம் மாறவில்லை, உள்வாங்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். முட்டைக்குக் கடிகாரத்தைவிட இனத்தின் குணம் முக்கியம்.

இந்தப் பகுதிக்கு இதில் என்ன வேலை என்றால், நிறைய வேலை இருக்கிறது. வரப்பை வெட்டும்போதும், பழைய சுவரை இடிக்கும்போதும், உரக்குழியைக் கிளறும்போதும் சாரைப்பாம்பு முட்டையும் நல்லபாம்பு முட்டையும் வெளிப்படுகின்றன. அடித்து நொறுக்கவோ, ஒரு வாளியில் அள்ளிப் போட்டுக்கொண்டு வனத்துறை அலுவலகத்துக்கு ஓடவோ வேண்டாம். வாளியில் அள்ளிய அந்த நொடியிலேயே பல முட்டைகள் தலைகீழாகிவிடும். தொடாமல் மண்ணை மேலே மூடிவிட்டு, நிழல் வைத்து, நாயும் குழந்தைகளும் நெருங்காமல் பார்த்துக்கொண்டு, வனத்துறைக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ சொல்லுங்கள். தாய் பக்கத்தில் இருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

பொரிப்பகத் தொண்டர்களிடம் ஒரு வேண்டுகோள். கடலில் குஞ்சு விடுகிற நாளில் ஒரு பலகை வைத்து, 'இவ்வாண்டு விடப்பட்ட குஞ்சுகள்' என்று எண் எழுதுகிறோம். அதற்குக் கீழே இன்னும் ஐந்து வரி எழுதுங்கள்: அடையாளமே தெரியாதவை எத்தனை, தொடக்கத்தில் நின்றவை எத்தனை, நடுவில் எத்தனை, முடிவில் எத்தனை, கீறி இறந்தவை எத்தனை. கைதட்டல் குறையும். பத்திரிகைக்காரர்கள் சங்கடமான கேள்வி கேட்பார்கள். ஆனால் அடுத்த ஆண்டு எதை மாற்ற வேண்டும் என்பது அந்த ஐந்து வரியில்தான் இருக்கும். மூன்று ஆண்டு தொடர்ந்து எழுதினால், உங்கள் கடற்கரையில் முட்டையைக் கொல்வது வெயிலா, தண்ணீரா, தாமதமா என்று யாரையும் கேட்காமல் நீங்களே சொல்லிவிடலாம்.

ஆசிரியர்களிடமும் ஒன்று கேட்கிறேன். இதைக் கற்பிக்கப் பாம்பு முட்டை தேவையில்லை. வீட்டுக் கோழி பொரிக்காமல் விட்ட முட்டையைப் பிள்ளைகளைக் கொண்டு திறந்து பார்க்கச் செய்யுங்கள். எந்தக் கட்டத்தில் நின்றது, அந்த நாளில் என்ன நடந்தது என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். தோற்றுப்போன ஒன்றைக் கூச்சப்படாமல் திறந்து, நிதானமாகப் படித்து, தேதி போட்டு எழுதிவைக்கிற பழக்கம் பத்து வயதில் வந்துவிட்டால், பிற்பாடு அந்தப் பிள்ளை மருத்துவரானாலும் பொறியாளரானாலும் விவசாயம் பார்த்தாலும் அது கை கொடுக்கும்.